ட்ராக்குக்கும் வீட்டுக்கும் ஒரே டயரா?

வாசகர் கேள்விகளுக்கு சாட்ஸ்வொர்த் டயர்க்கடைக்காரரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வார நாளில் வேலைக்குப் போகிற கார், என்றைக்காவது ஒரு சனிக்கிழமை ட்ராக்குக்கும் போகிறது. அதற்கு என்ன டயர் போடுவது? 31 வருஷமாக டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் டயர் மாட்டுகிறேன். அதில் 20 வருஷத்துக்கு மேல் நானும் ட்ராக்கில் ஓட்டியிருக்கிறேன். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் கோல்ஃப் 7 ஜிடிஐ இருக்கிறது. டயர் 225/40 ஆர்18. தினமும் ஃபீனிக்ஸிலிருந்து உம்லங்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வருஷத்தில் நான்கு தடவை ஜோகன்னஸ்பர்க் பக்கம் கயலாமி ட்ராக், இரண்டு தடவை போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி ட்ராக். கூட ஓட்டுகிற பையன்கள் எல்லாரும் செமி ஸ்லிக் (பாதி ரேஸ் டயர், பாதி சாலை டயர்) போடச் சொல்கிறார்கள். என்னால் ஒரு செட்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: தம்பி, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ராக் நாளில் 20 நிமிஷ செஷன் ஐந்து கிடைத்தால் அதிகம். வருஷத்துக்கு ஆறு நாள் என்றால் மொத்தம் பத்து மணி நேரம். கயலாமிக்கோ டர்பனிலிருந்து ஒரு வழிக்கே 550 கிலோமீட்டருக்கு மேல். நான்கு தடவை போய் வந்தால் என்3 நெடுஞ்சாலையில் மட்டும் 4,400 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. தினமும் உம்லங்காவுக்கு ஓடுகிற ஓட்டம் தனி. உங்கள் டயர் வாழப்போவது சாலையில்தான். ட்ராக் அதற்கு விருந்துக்குப் போகிற வீடு.

செமி ஸ்லிக்கை நான் குறை சொல்ல வரவில்லை. டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 மாதிரி டயர்களின் ரப்பர் மிருதுவானது, உடல் கெட்டி, பள்ளங்கள் குறைவு. காய்ந்த தரையில் சூடு ஏறியபின் அவை பிடிக்கிற பிடியை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். ஆனால் சாதாரண டயர் புதிதாக வரும்போது 7, 8 மில்லிமீட்டர் ஆழம் பள்ளம் இருக்கும். செமி ஸ்லிக்கில் 5, 6 மில்லிமீட்டர்தான். அதிலும் வெளி ஓரம் கிட்டத்தட்ட மொட்டை. தண்ணீர் போக வழி வேண்டும் தம்பி. வழி இல்லையென்றால் டயர் தண்ணீர் மேல் ஏறி நிற்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 பிப்ரவரியில் என் பழைய கோல்ஃப் 4-ஐ செமி ஸ்லிக்கோடு கயலாமிக்கு ஓட்டிப் போனேன். பக்கத்தில் என் மனைவியின் தம்பி. மத்தியானம் வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் முன் டயரில் 2 மில்லிமீட்டர் மிச்சம். நம் நாட்டுச் சட்டம் குறைந்தது 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது. சரி, சட்டப்படி சரிதானே என்று அப்படியே கிளம்பினேன். வான் ரீனன் கணவாய் இறங்கும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. மூயி ரிவர் டோலைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் 90-இல்தான் போனேன். வலது லேனில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. திடீரென்று ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் ஆகிவிட்டது. என்ஜின் சத்தம் மேலே ஏறியது, கார் வேகம் ஏறவில்லை. அப்புறம் பின்பக்கம் முன்னால் வந்தது. ஒன்றரைச் சுற்று சுற்றி நடுவிலுள்ள புல் மேட்டில் போய் நின்றோம். எங்களைத் தாண்டிப் போன லாரியின் ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மச்சான் மடியிலிருந்த டீ ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே அரை மணி நேரம் பேசாமல் இருந்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் அக்காவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்ற நினைப்புதான் வீடு வரைக்கும்.

அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, ட்ராக்குக்கு எதில் போவீர்கள் என்பது. டிரெய்லரிலா, அதே டயரில் ஓட்டிக்கொண்டா? ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு, அவர் திரும்பி வரப்போகிற சாயங்கால மழையை நினைத்துத்தான் டயர் சொல்வேன். கயலாமி என்ற பெயரே ‘என் வீடு’ என்று பொருள்படும் ஜூலு சொல்லிலிருந்து வந்தது. உங்களுக்கு வீடு ஃபீனிக்ஸில் அல்லவா இருக்கிறது!

ஆகவே ஒரே செட் என்றால் என் பதில், மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வகை டயர். உங்கள் அளவிலேயே, 92 லோடு எண்ணும் ஒய் வேகக் குறியும் போட்டு வருகிறது. 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை. கான்டினென்டல், பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர் எல்லாரிடமும் இதே வரிசையில் ஒரு டயர் உண்டு. எது நல்ல விலைக்குப் புதுத் தேதியில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

இதைப் போட்டுக்கொண்டு செமி ஸ்லிக் மாதிரி ஓட்டக்கூடாது. முதல் சுற்றில் சூடேற்றுங்கள், நான்கு ஐந்து சுற்று மனம்போல ஓட்டுங்கள், கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். கயலாமியின் ஒரு சுற்று நாலரைக் கிலோமீட்டர். ஏழெட்டுச் சுற்று விடாமல் விரட்டினால் சாலை டயரின் ரப்பர் வெண்ணெய் மாதிரி வழுக்க ஆரம்பிக்கும், வெளி ஓரத்தில் துண்டு துண்டாகப் பிய்யும். ஆனால் ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. பிடி விடும் முன்னாலேயே கத்திச் சொல்லிவிடும். செமி ஸ்லிக் ரொம்ப நேரம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, விடும்போது சட்டென்று விடும், அதுவும் கூடுதல் வேகத்தில். முதல் இரண்டு வருஷம் கத்துகிற டயரில் ஓட்டப் பழகியவர்கள் பிறகு எதில் ஏறினாலும் நன்றாக ஓட்டுகிறார்கள். இது என் கண்ணால் பார்த்தது.

இன்னொன்று, புத்தம் புது டயரோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள். 8 மில்லிமீட்டர் உயரமுள்ள ரப்பர் கட்டை வளைவில் நெளியும், நெளிந்தால் சூடாகும், சூடானால் பிய்யும். அதே டயர் 5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தபின் காய்ந்த ட்ராக்கில் இன்னும் நன்றாக நடந்துகொள்ளும். அதனால் புது செட் போட்டதும் இரண்டு மூன்று மாதம் வேலைக்கு ஓட்டுங்கள். பிறகு போங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மழைக்காலத்தில் என்3-இல் அதோடு நீண்ட தூரம் போவதை நிறுத்திவிடுங்கள். சட்டம் 1 மில்லிமீட்டர் என்று சொல்லட்டும். என் கடையில் அந்த அளவை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது காற்றைப் பற்றி. இதைத்தான் நம் பையன்களில் பத்துக்கு ஒன்பது பேர் கவனிப்பதில்லை. நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். கயலாமி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 0.17 பார் (காற்றழுத்த அளவு) குறைவு. கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கிற அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். டர்பனில் குளிர்ந்த டயரில் 2.3 வைத்துக்கொண்டு போனால், அதே குளிர்ச்சியில் அங்கே சுமார் 2.45 காட்டும். காற்று ஒரு துளியும் கூடவில்லை, நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ட்ராக்கில் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் 0.1 பார் போல ஏறும். பிட்டுக்குள் வந்ததும் கேஜை வைத்துப் பார்த்து, சூடான டயரில் 2.3-லிருந்து 2.5 வரை இருக்கும்படி காற்றை இறக்குவீர்கள். அது சரியான வேலை. தப்பு எங்கே நடக்கிறது என்றால், அப்படியே வீட்டுக்குக் கிளம்புவதில். உள்ளே காற்று 70 டிகிரி சூட்டில் இருக்கும்போது 2.3-க்கு இறக்கிய டயர், மறுநாள் காலை டர்பனில் 20 டிகிரியில் சுமார் 1.7 பார்தான் காட்டும். குறைந்ததில் முக்கால் பங்கு ஆறியதால், மீதி மலை இறங்கியதால். காற்றில்லாத டயரோடு, சாமான் ஏற்றிய காரை மழையில் 120-இல் ஓட்டிக்கொண்டு வருகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது. கயலாமியை விட்டு வெளியே வருமுன் காற்று நிரப்புங்கள். ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிற்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். வீட்டுக்கு வந்து மறுநாள் காலை, கார் நகருமுன், மூன்றாவது தடவை. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கில் இருப்பது ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

எவ்வளவு இறக்குவது சரி என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போதும். டயரின் வெளி ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை நான்கு இடத்தில் கோடு போட்டுவிட்டு ஒரு செஷன் ஓட்டுங்கள். பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், மிச்செலினில் அந்த இடத்தில் அவர்களுடைய பொம்மை இருக்கும். சாக்பீஸ் அந்தக் குறியையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது, காற்றை ஏற்றுங்கள். குறிக்கு ரொம்ப மேலேயே கோடு மிச்சமிருந்தால் கொஞ்சம் இறக்கலாம்.

உங்கள் காரில் முன் சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. கம்பெனி அலைன்மென்ட்டில் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும், அதனால் முன் டயரின் வெளி ஓரம் முதலில் போகும். உள் பக்கம் 5 மில்லிமீட்டர் இருக்க, வெளி ஓரம் மொட்டையாகிக் குப்பைக்குப் போகிற டயர்கள் என் கடையில் மாதந்தோறும் சேர்கின்றன. முன் சக்கரத்தின் மேல்பக்கத்தை இரண்டு டிகிரிக்குக் கிட்டே உள்ளே சாய்க்க ஒரு கேம்பர் பிளேட் போட்டால், அந்தச் செலவை டயரில் எடுத்துவிடலாம்.

கடைசியாக, அடுத்த வருஷம் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், கார்க்காரர்கள் விற்கிற பழைய 17 அங்குல மேக்ஸ் (அலாய் ரிம்) நான்கு பாருங்கள். கோல்ஃப் 5 முதல் எல்லாவற்றுக்கும் 5 போல்ட், 112 மில்லிமீட்டர் வட்டம்தான். 225/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் உங்கள் 18-க்கும் இதற்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், டயர் விலையும் குறைவு. பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த மேக்ஸில் செமி ஸ்லிக் போட்டு, பின் சீட்டை மடக்கி நான்கையும் ஏற்றிக்கொண்டு போய், அங்கே மாற்றி, ஓட்டி, திரும்ப மாற்றி வாருங்கள். போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ஸ்பேனரால் மட்டும். முதல் செஷன் முடிந்து ரிம் ஆறியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள். அன்றைக்கு உங்கள் நண்பர்களோடு சேர்ந்து நானும் செமி ஸ்லிக்தான் என்பேன்.

கேள்வி: என்னிடம் 1.8 சிட்டி கோல்ஃப் இருக்கிறது, 195/50 ஆர்15 டயர். வேலைக்கு வேறு கார். இது ஞாயிற்றுக்கிழமை ஸ்வார்ட்காப்ஸ் ட்ராக்குக்கு மட்டும்தான் வெளியே வரும். எனக்கும் செமி ஸ்லிக் வேண்டாமா?
— லெனேஷியா வாசகர்

பதில்: உங்களுக்கு வேண்டும். நீங்கள் ஓட்டுவது ஒரு மணி நேரத் தூரம், மழை வந்தால் காத்திருந்து கிளம்பலாம். உங்கள் அளவில் செமி ஸ்லிக் நிறையவே கிடைக்கிறது. இந்தக் காரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1984-லிருந்து 2009 வரை யூட்டன்ஹேக்கில் செய்தார்கள், நம் வீடுகளில் பாதிப் பேர் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதில்தான்.

கார் 900 கிலோகூட இல்லை. எடை இல்லாத கார் டயரைச் சூடேற்ற ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் கடினமான ரப்பர் உங்களுக்குப் பிரயோஜனப்படாது, மிருதுவானதே சரி. காற்றும் குறைவாகவே தேவை. சூடான டயரில் 2.0 பக்கத்தில் ஆரம்பித்து, மேலே சொன்ன சாக்பீஸ் வேலையைச் செய்து, அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஜூலை மாதத்துக் காலையில் உங்கள் ஊரில் தண்ணீர் உறைகிற குளிர். அந்தக் குளிரில் செமி ஸ்லிக் மரக்கட்டை. வீட்டை விட்டுக் கிளம்பி முதல் ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) பிரேக் போடும்போதே அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்து இடிமழை வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை செஷன்களுக்கே பெயர் கொடுங்கள்.

கேள்வி: ரேஸ் ஓட்டும் ஒருவர், பாதி தேய்ந்த ஸ்லிக் டயர்களை (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்களை) ரொம்பக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கத்தியால் பள்ளம் வெட்டிச் சாலையில் ஓட்டலாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?
— டோங்காட் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். சாலையில் ஓடுகிற டயருக்கு முழு அகலத்திலும் முழுச் சுற்றிலும் ட்ரெட் (பள்ளம் போட்ட மேல் ரப்பர்) இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியம், ஸ்லிக்கின் ரப்பர் மெலிசு. கத்தி போனால் உள்ளிருக்கும் துணிப் படலத்தைத் தொட்டுவிடும், அது எப்போது பிரியும் என்று யாரும் சொல்ல முடியாது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது டயரைத்தான்.

பழைய டயர் எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. செமி ஸ்லிக் ஒவ்வொரு தடவை கொதித்து ஆறும்போதும் கொஞ்சம் இறுகுகிறது. ட்ரெட் நிறைய இருக்கும், பிடிப்பு இருக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட செமி ஸ்லிக்கை இலவசமாகக் கொடுத்தாலும் நான் மாட்டித் தர மாட்டேன்.

கேள்வி: டயரில் ட்ரெட்வேர் 300, 200, 100 என்று போட்டிருக்கிறதே, எண் குறைந்தால் பிடிப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வெருலம் மாணவர்

பதில்: பொதுவாகச் சரி, ஆனால் அந்த எண்ணை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். அது அமெரிக்க அரசு விதி. டெக்சாஸில் 640 கிலோமீட்டர் நீளச் சாலைச் சுற்று ஒன்றில், ஒரு பொது டயரோடு சேர்த்து மொத்தம் 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். பொது டயருக்கு 100. இரண்டு மடங்கு தாங்கினால் 200. கடைசியில் எண்ணைப் போடுவது கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, யோகோஹாமா ஏ052 200, ஆர்888ஆர் 100, ஏஆர்-1 80. பக்கத்திலேயே ஏஏ, ஏ என்று பிடிப்புக்கும் ஒரு எழுத்து இருக்கும். அது ஈரத்தரையில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டும் சொல்கிறது, வளைவைப் பற்றி அது பேசுவதில்லை.

கேள்வி: ட்ராக்கில் முன் டயர் இரண்டும் தீர்ந்துவிட்டன. இரண்டு மட்டும் புதிதாக வாங்கி முன்னால் போடலாமா?
— ஐசிபிங்கோ வாசகர்

பதில்: இரண்டு வாங்கலாம், ஆனால் புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டு வாருங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பவும் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றிவிடும், சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதை நிறுத்த முடியாது. அதே காரணத்துக்காகத்தான் முன்னால் செமி ஸ்லிக், பின்னால் மலிவு டயர் என்ற ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: ட்ராக்குக்கு நைட்ரஜன் காற்று அவசியமா?
— ரிசர்வாயர் ஹில்ஸ் வாசகர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பிரச்சினை காற்றோடு உள்ளே போகிற ஈரம். டர்பன் மாதிரி வியர்க்கிற ஊரில் கம்ப்ரஸரின் தண்ணீரைத் தினமும் வடிக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள், அது போதும்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. சம்பளத்தில் பாதி டயருக்கும் ட்ராக்குக்கும் போகிறது. ராத்திரி அவன் வீடு திரும்பும் வரை தூக்கம் வருவதில்லை. அவனை எப்படி நிறுத்துவது?
— மெரிபேங்க் தாய்

பதில்: அம்மா, நான் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். நிறுத்தாதீர்கள். இந்த வயதுப் பையனுக்கு வேகத்தில் ஆசை இருந்தால் அது எங்காவது போய்த்தான் தீரும். ராத்திரி நேரத்தில் நம் தெருக்களில் ரேஸ் ஓட்டுகிற பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு எதிரே எல்லாரும் வருகிறார்கள். ட்ராக்கில் எதிரே யாரும் வருவதில்லை, ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. உங்கள் பையன் காசு கொடுத்து அங்கே போகிறான் என்றால் ஒரு விஷயத்தில் அவன் சரியாகவே யோசித்திருக்கிறான்.

என் அப்பா என்னைப் பத்து வயதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் ட்ராக்குக்குக் கூட்டிப் போனார். 1953-இல் ஆரம்பித்த அந்த ட்ராக்கை 1981-இல் மூடிவிட்டார்கள். வெயிலில் நின்று, ஆயா கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு கார்களைப் பார்த்தோம். அப்பா எனக்குக் காட்டியது ஜெயித்த காரை அல்ல. ஒவ்வொரு கார் உள்ளே வந்ததும் மெக்கானிக்குகள் டயரைக் குனிந்து தடவிப் பார்ப்பதைத்தான் காட்டினார். ஓடி முடித்தவன் முதலில் டயரைப் பார்க்கிறான் பார் என்றார்.

ஆகவே மகனை நிறுத்துவதற்குப் பதிலாக, அவனிடம் சில கேள்விகள் கேளுங்கள். திரும்பி வரும்போது என்ன டயரில் வருகிறாய்? கிளம்புமுன் காற்று நிரப்பினாயா? மழை பெய்தால் இரவு எங்கே தங்குவாய்? காப்பீட்டுத் தாளைப் படித்தாயா? பெரும்பாலான பாலிசிகள் ட்ராக்கில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. அவனுடைய சம்பளத்தில் எவ்வளவை இழந்தால் தாங்க முடியும் என்று அவனே எழுதிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கில் ட்ராக் நாள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தாலும் குறையும்.

அவன் காரின் டயரை நீங்களே பார்க்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. ட்ரெட் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அந்த டயர் முடிந்தது. சனிக்கிழமை காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள் அம்மா, இரண்டு பேருக்கும் சேர்த்தே காட்டித் தருகிறேன். பத்து மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது.